பிள்ளை பெற்றவளுக்குக் கடும் மனநோய் கண்டால்: தாய்வீடும் புகுந்த வீடும் தெரிந்துகொள்ள வேண்டியவை

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நெல்லைச் சீமையில் இன்றும் பெரிதாக மாறாத வழக்கம். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்த பெண்ணை, பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பேறுகாலத்தில் வரும் கடும் மனநோய் இந்த இடைவெளியில்தான் தலைகாட்டும். அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அதனால் அதை முதலில் பார்ப்பது பெண்ணின் அம்மா, ஆச்சி, சித்தி. கடைசியாகத் தெரிந்துகொள்வது புருஷன் வீட்டார். சில வீடுகளில் அவர்களுக்குத் தெரிவதே இல்லை. மாத்திரையை ஒளித்துக் கொடுத்து, மூன்றாம் மாதம் நிறுத்தி, "எல்லாம் சரியாயிட்டு" என்று அனுப்பிவைத்து, அங்கே போய்த் திரும்பவும் நோய் கிளம்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் கதை.

இன்னொரு பக்கம், பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ள நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. நாற்பது நாள் ஓய்வு, தனி அறை, கூடவே ஒரு மூத்த பெண், வேளைக்குச் சாப்பாடு, கண்டவர்களும் வந்து போகாத கட்டுப்பாடு. மனநோய் சிகிச்சைக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடைக்காது. அந்த முறையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் மருந்தையும் தூக்கத்தையும் பொருத்துவது எப்படி, அதில் எதை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எது சாதாரணம், எது இல்லை

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது உண்டு. இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். இதற்கு மருந்து வேண்டாம். கூட ஒரு ஆள் இருந்து தூங்க விட்டால் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளை மேல் பிடிப்பில்லை, "நான் எதுக்கு இருக்கேன்" என்ற பேச்சு வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோய். பத்துத் தாய்மாரில் ஒருவருக்காவது வரக்கூடியது. இதைக் கண்டுபிடிக்க எடின்பரோ வினாத்தாள் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. 1987இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு வந்தாலும் சரி, அந்தப் பத்தாவது கேள்விக்கு "ஆம்" என்ற பக்கம் பதில் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் இங்கே நாம் அதிகம் பேசப் போவது: பேறுகாலச் சித்தப்பிரமை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் வந்தால் மாரடைப்பு மாதிரி அவசரம். தொடக்கம் பெரும்பாலும் தூக்கத்தில் தெரியும். பிள்ளை அழுவதால் தூங்க முடியாத தாய்க்குப் பிள்ளை தூங்கியதும் கண் சொருகும். இவளுக்குப் பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வராது. இரண்டு ராத்திரி முழித்தும் அசதி தெரியாது. பேச்சு வேகமாகும், தொடர்பறுந்து தாவும். யாரோ சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பாள். "இது எம்பிள்ள இல்ல, ஆஸ்பத்திரியில மாத்திட்டாவ" என்பாள். பிள்ளையைச் சாமி என்பாள், அல்லது கெட்டது ஏதோ அதற்குள் புகுந்துவிட்டது என்பாள். ஆளில்லாத பக்கம் பார்த்துப் பதில் சொல்வாள். இன்றைக்கு என்ன கிழமை, எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே குழம்பும்.

குடும்பம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த நோய் மணிக்கு மணி மாறும். காலையில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு தெளிவாகப் பேசியவள், சாயங்காலம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு திறக்க மாட்டாள். "நல்லாத்தானே இருந்தா, நடிக்கா" என்று சொல்லி இரண்டு நாளைக் கடத்திவிடுவார்கள். தெளிவாக இருக்கும் நேரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கடந்த 24 மணி நேரத்தில் மிக மோசமாக இருந்த நேரம் எது, அப்போது என்ன சொன்னாள், என்ன செய்தாள் என்று எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏன் வருகிறது? பிரசவம் முடிந்த சில நாளில் உடம்பின் ஹார்மோன் அளவு சட்டென்று இறங்குகிறது, தூக்கம் கெடுகிறது. இந்த நோய்க்கான வாகு உள்ளவர்களுக்கு இவை இரண்டும் சேர்ந்து தூண்டிவிடுகின்றன. ஏற்கெனவே இருதுருவ மனநோய் (மிதமிஞ்சிய துள்ளலும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய்) உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு வரலாம். முந்திய பிரசவத்தில் வந்திருந்தால் அடுத்ததிலும் வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்ணின் அம்மாவுக்கோ அக்காளுக்கோ வந்திருந்தாலும் வாய்ப்புக் கூடும். இதற்கு முன் எந்த நோயும் இல்லாத பெண்ணுக்கும் வருவதுண்டு. அந்திக்கருக்கலில் வாசலில் நின்றதாலோ, இசக்கியம்மனுக்குக் குறை வைத்ததாலோ, யார் கண்ணோ பட்டதாலோ வருவதில்லை. வளர்ப்புச் சரியில்லாததாலும் வருவதில்லை.

மனநோய் போலத் தெரியும் மற்றவை

பழைய ஆட்கள் "பேறுகால ஜன்னி" என்று ஒரே பேரில் சொன்னதற்குள் நாலைந்து நோய்கள் கிடக்கின்றன. குளிர் காய்ச்சலும், நாற்றமுள்ள கசிவும், பிதற்றலும் சேர்ந்து வந்தால் அது கர்ப்பப்பைக் கிருமித் தொற்று. கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு வந்தால் பிரசவ ரத்தக்கொதிப்பு. தலைவலியோடு வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விழுதல் என்றால் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். இவை மூன்றுமே உயிரை எடுக்கக்கூடியவை, மூன்றிலும் தாய் உளறலாம். ஆகவே முதல் முறை பார்க்கும்போது மனநல மருத்துவர் மட்டும் இருக்கும் கிளினிக்குக்குப் போவதைவிட, மகப்பேறு, பொது மருத்துவம், மனநலம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அப்படிப்பட்ட இடம்.

ராத்திரி என்றால் 108. என்ன செய்வது என்றே தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தால் 14416. அது டெலிமானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் குறிப்பிட்ட நாள்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருவார்கள். எந்தக் கிழமை என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் தெரியும். அந்த அம்மாவிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது அவர் வேலைதான்.

போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் அட்டை, தாய் சேய் நல அட்டை, இதுவரை சாப்பிட்ட மாத்திரை, லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையையும் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஒரு ஆளையும் சேர்த்து அழைத்துப் போங்கள். பால் கட்டிக்கொண்டால் தாய் இன்னும் கஷ்டப்படுவாள்.

சேர்க்க வேண்டும் என்று சொன்னால் பயப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையில் தாய் பிள்ளையைப் பார்க்கலாம். பிரித்த முடிவை 15 நாளைக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும், தொடர்ந்து 30 நாளைத் தாண்டினால் உரிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் இருக்கிறது. நம் பக்கத்து வார்டுகளில் அந்த வசதி இல்லாவிட்டால், பகலில் பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட ஒரு சித்தியோ மயினியோ (அண்ணி) பொறுப்பேற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

"ஷாக் ட்ரீட்மென்ட்" என்ற பேச்சு வந்தால் குடும்பம் நடுங்கிப்போகும். பேறுகாலச் சித்தப்பிரமைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பதை அதே சட்டம் தடை செய்திருக்கிறது. சினிமாவில் காட்டுவதை மறந்துவிடலாம்.

பத்தியத்தில் எது இருக்கலாம், எது கூடாது

பூண்டுக் குழம்பு, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, சுக்குக் காப்பி, பால்சுறா இருந்தால் பால்சுறாப் புட்டு. இதெல்லாம் இருக்கட்டும். மாத்திரைக்கும் இதற்கும் சண்டை இல்லை. சண்டை வருவது தண்ணீரில். "தண்ணி குடிச்சா வயிறு வச்சிரும்" என்று சொல்லி ஒரு நாளைக்கு நாலு டம்ளரோடு நிறுத்திவிடுவார்கள். பேறுகாலத்தில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடி இருக்கும். உடம்பில் தண்ணீர் வற்றினால் மேலே சொன்ன மூளை ரத்தக்குழாய் அடைப்புக்கு வழி திறக்கும். பாலும் குறையும், மலமும் இறுகும். பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர், கஞ்சி, மோர், சாறு எல்லாம் சேர்த்து இரண்டரை மூன்று லிட்டராவது உள்ளே போக வேண்டும். வெந்நீராகவே கொடுக்க வேண்டும் என்று ஆச்சி சொன்னால் வெந்நீராகவே கொடுங்கள். அளவு குறையக் கூடாது, அவ்வளவுதான்.

இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை எழுதியிருந்தால் இது இன்னும் முக்கியம். தண்ணீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறி விஷமாகும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது ஆகியவை அடையாளம். அன்றைக்கே ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். "உப்பில்லாப் பத்தியம்" என்று வைப்பவர்கள் இந்த மாத்திரை இருக்கும் வீட்டில் அதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். பிரசவ லேகியம் கொடுக்க விரும்பினால் பாட்டிலை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். யாரோ வீட்டில் இடித்த, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடி வேண்டாம்.

சாம்பிராணி போடுவதானால் பிள்ளையும் தாயும் இல்லாத அறையில் போட்டு, புகை அடங்கிய பிறகு உள்ளே விடுங்கள்.

ராத்திரியைப் பங்குபோடுவது

மருந்துக்கு அடுத்தபடி மிகப் பெரிய மருந்து தூக்கம். நம் வீடுகளில் பகலில் பத்துப் பேர் இருப்பார்கள். ராத்திரி தாயும் பிள்ளையும் மட்டும் முழிப்பார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும். தாய்க்கு ஒரே ஓட்டமாக ஆறு மணி நேரமாவது தூக்கம் கிடைக்க வேண்டும். செய்யும் வகை இது: ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு, உடனே ராத்திரி மாத்திரை. பிறகு அவள் தனி அறையில் படுக்க வேண்டும். பிள்ளை அடுத்த அறையில் அம்மாவோடோ சித்தியோடோ. இடையில் வரும் இரண்டு மூன்று பால்வேளையை முன்னரே எடுத்து வைத்த தாய்ப்பால் கொண்டு, அல்லது மருத்துவர் சொன்ன, கைக்குழந்தைகளுக்கான பால்பொடி கொண்டு பாலாடையில் கொடுக்கலாம். விடியக் காலை மூன்றரை நாலு மணிக்குத் தாய் எழுந்து கொடுப்பாள். முழிக்கும் ஆள் ஒரே ஆளாக இருந்தால் ஐந்தாம் நாள் அவரும் படுத்துவிடுவார். குறைந்தது மூன்று பேர், நாள் மாற்றி நாள். அம்மாவுக்கு சுகர், பிரஷர் இருந்தால் அவரை இந்த முறையிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

எடுத்து வைத்த தாய்ப்பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊர் சித்திரை, வைகாசிக்கு அது செல்லாது. எடுத்த உடனே பிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் வரை இருக்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் எப்படிச் செய்வது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பால்பொடி இல்லை என்று சீனித் தண்ணீரோ, மாட்டுப்பாலோ கொடுக்கக் கூடாது.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. ஓலன்சபின், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்றவற்றோடு பெரும்பாலும் கொடுக்கலாம். குளோசபின் சாப்பிடும் தாய் கொடுக்கக் கூடாது. லித்தியத்தில் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள், அல்லது பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்கச் சொல்வார்கள். வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது பிள்ளையை. எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறதா, சப்பும் பலம் குறைந்திருக்கிறதா, முதல் வாரம் கழிந்த பிறகும் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாக மூத்திரம் போகிறதா? பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்து, அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை எடை போட்டால் சந்தேகம் இராது. பாலை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் மனநல மருத்துவரைக் கேட்காமல் பால் வற்றும் மாத்திரை வாங்காதீர்கள். அவற்றில் சில இந்த நோயையே கிளப்பிவிடும்.

தூக்கம் வரவைக்கும் மாத்திரை சாப்பிட்ட தாய் படுத்துக்கொண்டு பால் கொடுக்கக் கூடாது. அதே பாயில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. சேலைத் தொட்டிலோ தனிப் பாயோ, கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்

அவள் சொல்வதை மறுத்து வாதாடவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது. "பிள்ளைய மாத்திட்டாவம்மா" என்றால், "கிறுக்கு மாதிரி பேசாத" என்பதும் தப்பு, "ஆமா, விசாரிப்போம்" என்பதும் தப்பு. "உனக்கு பயமா இருக்கு, தெரியுதுட்டி. நான் இங்கனதான் இருக்கேன், எங்கயும் போகல." அவ்வளவு போதும். பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், கதைக்கு அல்ல. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். அறையில் டிவி, போன் சத்தம் வேண்டாம். "யாராவது உங்கிட்ட ஏதாவது செய்யச் சொல்லுதாவளா?" என்று நேராகவே கேட்கலாம். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்றும் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. பிள்ளையைக் கடவுளிடம் அனுப்ப வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் போய்விட வேண்டும் என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையும் அவளும் தனியாக இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடும் கட்டத்தில் வீட்டில் செய்ய வேண்டிய காவல் வேலைகள் உண்டு. கிணற்றுக்கு மூடி, வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துவது, பெரியவர்களின் சுகர் பிரஷர் மாத்திரைகளைப் பூட்டி வைப்பது, அவள் மாத்திரையை வேறொருவர் கையால் கொடுத்து விழுங்கியதைப் பார்ப்பது. குளியலறைத் தாழ்ப்பாளை உள்பக்கம் போட முடியாதபடி கழற்றிவிடலாம்.

அதே சமயம் பிள்ளையை அவளிடமிருந்து முழுக்கப் பறித்துவிடக் கூடாது. இங்கே தவறும் வீடுகள் நிறைய. ஆச்சி உட்கார்ந்து காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது துண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்க்கையில் பக்கத்தில் உட்கார்த்துங்கள். பத்து நிமிடம் மடியில் வைத்துத் தாலாட்டுப் பாடட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். தெளிந்துவரும்போது "நீ பிள்ளையையே பார்க்கலட்டி அப்ப" என்று சொல்லிக்காட்டுவது, பிறந்தது பெண் பிள்ளை என்று பெருமூச்சு விடுவது, இரண்டும் மருந்தை வீணாக்கும். 2002இல் வெளியான கோவா ஆய்வொன்றில், பெண் பிள்ளை பிறந்ததும் புருஷனோடு உறவு சரியில்லாததும் தாயின் மனச்சோர்வோடு சேர்ந்து வந்திருப்பது தெரிந்தது.

சிகிச்சை தொடங்கிய முதல் சில நாளில் ஒரு காட்சி எல்லாரையும் கலங்கடிக்கும். ஹாலோபெரிடால் ஊசி போட்ட பிறகு திடீரென்று கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே சொருகி நிற்கும், நாக்கு இழுக்கும். "பேய் கழுத்தைத் திருகுது" என்று திருநீற்றைத் தேடுவார்கள். இது மருந்தின் பக்கவிளைவு, தசைப்பிடிப்பு. மாற்று ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் சரியாகிவிடும். பயந்து மருந்தையே நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சாமி, ஓதல், ஜெபம்

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னால் குடும்பம் ஆஸ்பத்திரியைத்தான் விடும். ஆகவே அப்படிச் சொல்வதில் பலனில்லை. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறாமல் இருக்கட்டும், மற்றது உங்கள் விருப்பம். நாற்பது நாள் தீட்டுக் கழியும் வரை கோயிலுக்குப் போகக் கூடாது என்ற வழக்கமே இங்கே கைகொடுக்கும். "தீட்டு கழியட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போவோம், இப்ப திருநீறு மட்டும் வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால் எந்தப் பெரியவரும் மறுக்க மாட்டார். அந்த நாற்பது நாளில் மருந்து தன் வேலையைத் தொடங்கியிருக்கும். மேலப்பாளையத்தில் ஓதிய தண்ணீர் கொடுப்பதோ, பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வந்து ஜெபிப்பதோ அப்படியே நடக்கட்டும். ஜெபம் அரைமணியில் முடியட்டும். ராத்திரி முழுக்க நடத்தினால் தூக்கம் போய்விடும்.

கூடாதது எது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வேப்பிலையாலோ பிரம்பாலோ அடிப்பது, மிளகாய் வற்றல் புகை, பட்டினி போடுவது, தண்ணீர் கொடுக்காமல் வைப்பது, கோயில் கொடை ராத்திரியில் உடுக்கடிக்கு நடுவில் உட்கார்த்துவது, கட்டி வைப்பது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். இன்றைக்குச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதே குற்றம்.

புகுந்த வீட்டாருக்கு எப்போது, எப்படிச் சொல்வது

அதே வாரம். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, முடிந்தால் மருத்துவர் முன்னிலையில். முதலில் மாப்பிள்ளைக்கு, பிறகு அவர் அம்மாவுக்கு. சென்னையில் கடை வைத்திருப்பவரோ, வளைகுடாவில் இருப்பவரோ என்றால் வீடியோ காலில் மருத்துவரோடு பேச வையுங்கள். தகவல் ஊர்வழியாகப் போய்ச் சேர்ந்தால் நோய் "மறைச்சு கட்டிவச்சுட்டாவ" என்ற குற்றச்சாட்டாக மாறிப்போகும். சம்பந்தியம்மாளிடம் சொல்லும் வார்த்தை சுருக்கமாக இருக்கட்டும்: "மயினி, பிள்ளைக்குப் பேறுகாலத்துல வர்ற ஒரு நோவு வந்திருக்கு. மூளையச் சேர்ந்ததாம். ஹைகிரவுண்டுல பார்க்கோம். குணமாயிரும்னு டாக்டர் சொல்லுதாவ, ஆனா மாத்திரை நாள்பட சாப்பிடணுமாம். நீங்களும் ஒரு தடவ வந்து டாக்டரக் கேட்டுட்டுப் போனா எனக்குத் தெம்பா இருக்கும்." மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

கடும் கட்டம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கும். முழுக்கத் தெளிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். நடுவில் ஒரு சோர்வுக் கட்டமும் வரலாம். நடந்ததை நினைத்து அழுவாள். அது பெரும்பாலும் நோய் திரும்புவது அல்ல, ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையும் தெளிந்த பிறகு பல மாதம் தொடரும். மூன்றாம் மாதம் மாமியார் வீட்டுக்கு அனுப்பும் சடங்கு இதற்குள்தான் விழுகிறது. மாத்திரை நிறுத்த அது நாள் அல்ல. சீரோடு சேர்த்து இவற்றையும் கொடுத்தனுப்ப வேண்டும்: மாத்திரைப் பேரும் வேளையும் தமிழில் எழுதிய தாள், அடுத்து மருத்துவரைப் பார்க்கும் தேதி, திரும்பி வருவதன் முதல் அறிகுறி. அந்த அறிகுறி ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்திக்குத் தூக்கம் குறைவது, இன்னொருத்திக்குப் போனில் விடாமல் பேசுவது. பெண்ணின் அம்மா முதல் வாரம் கூடப் போய் இருந்து, ராத்திரி முறையை அங்கே ஒருதடவை நடத்திக் காட்டிவிட்டு வரலாம். அனுப்பும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பவர்கள், மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக் குறிக்கட்டும்.

ஆலங்குளம், கடையம், முக்கூடல் என்று பீடி சுற்றும் ஊர்ப் பக்கம் போனதும் பீடித் தட்டு மடிக்கு வந்துவிடும். அன்றைக்குச் சுற்றித் தர வேண்டிய பீடிக் கணக்கை முடிக்க ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் நோய் வரும். முதல் ஆறு மாதம் அவள் கணக்கை வீட்டில் வேறு யாராவது சுற்ற வேண்டும். புகையிலைத் தூள் பிள்ளைக்கும் ஆகாது.

அடுத்த பிள்ளைக்கு முன்

ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடும் பெண் உண்டாகியிருப்பது தெரிந்ததும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவதுதான் பொதுவாக நடப்பது. அதுவே பேறுகாலத்தில் நோய் வெடிக்கக் காரணமாகிறது. நிறுத்தாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மனநோய், வலிப்பு மாத்திரை கருவின் முதுகுத்தண்டைக் கெடுக்கலாம் என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அதை முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. இரண்டு வீட்டாரும் ஒரே கூரையின் கீழ் கூடும் நாள் வளைகாப்பு. வளையல் போட்டு முடிந்ததும் அரைமணி உட்கார்ந்து, பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில், அங்கே மனநல மருத்துவர் உண்டா, பிரசவத்தன்றே மாத்திரை தொடங்க வேண்டுமா, முதல் இரண்டு வாரம் ராத்திரி யார் யார் முழிப்பது என்று பேசித் தாய் சேய் நல அட்டையின் உள்ளே எழுதி வைத்துவிடலாம். அவள் தெளிவாக இருக்கும்போதே, நோய் வந்தால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், யார் தன் சார்பாக முடிவெடுக்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்கவும் 2017 சட்டம் இடம் தருகிறது. பிள்ளைகளுக்கு இடையில் இடைவெளி வேண்டும் என்றால் காப்பர்டி இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனை மட்டும், அவள் நோயில் இருக்கும்போது கையெழுத்து வாங்கிச் செய்யாதீர்கள். தெளிந்த பிறகு அவளே யோசித்துச் சொல்லட்டும்.